தடுப்பூசிப் பெட்டியில் இரண்டு சுண்டு உப்பு

எனக்குப் பிரியாவிடை வைத்த அன்று ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் பொய் சொன்னார்கள். முப்பத்தொரு வருடச் சேவையில் ஒரு பிழையும் விடாத மிஸ்ஸி என்றார் ஒருவர். அவருக்கு வயது இருபத்தெட்டு. அவர் பிறப்பதற்கு முன்பு நான் விட்ட பிழைகளுக்கு எந்தத் துணிவில் உத்தரவாதம் கொடுத்தாரோ தெரியாது. பொன்னாடை போர்த்தி மாலையும் போட்டிருந்ததால் எழும்பி மறுத்துப் பேசக் கூச்சமாக இருந்தது. இப்போது பொன்னாடை அலுமாரிக்குள் இருக்கிறது. இனிச் சொல்லலாம்.

புதிதாக நியமனம் பெற்றிருக்கும் குடும்பநல மருத்துவமாதர்களே, உங்களையும் இனி ஊர் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். தடுப்பு மருந்தை இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். எனக்கும் படிப்பித்தார்கள். பிறகு நானே அந்தப் பாடத்தை மூன்று அணிகளுக்குப் படிப்பித்தேன். படிப்பித்து முடித்த பிறகுதான் இதைச் செய்தேன்.

ஒரு கார்த்திகை மாதப் புயல். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே ஒரு சின்னக் கிளினிக்கில் எனக்கு வேலை. ஊர்ப் பெயர் வேண்டாம், அந்த ஊருக்கு ஏற்கெனவே போதிய பிரச்சினை இருக்கிறது. திங்கட்கிழமை காற்று அடித்து மின்கம்பி அறுந்தது. திருகோணமலைக்குப் போகும் பாதை இரண்டு இடத்தில் வெள்ளத்துக்குள் போனது. கிளினிக்கில் ஜெனரேட்டர் இருந்தது, அதற்கு டீசலும் இருந்தது. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை.

தடுப்பூசி பிரிட்ஜ் மின்சாரம் இல்லாமல் ஒரு நாள், ஒன்றரை நாள் தாக்குப் பிடிக்கும். புதன்கிழமை காலையில் உள்ளே இருந்த வெப்பமானி எட்டைத் தொடப் பார்த்தது. பிறகு செய்வோம் என்று விடவும் வழியில்லை. வெள்ளத்துக்காகப் பாடசாலை மண்டபத்தில் குடும்பங்களைத் தங்க வைத்திருந்தார்கள். அங்கே ஒரு பிள்ளைக்கு ஒருவிதமான இருமல். கக்குவான் இருமலாக இருக்குமோ என்று எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பயந்தார். சின்னப் பெண் டொக்டர், என் மகளைவிட ஒரு வயது இளையவர். பாதைக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டு தொலைபேசியில் சொன்னார்: வியாழக்கிழமை கிளினிக் நடந்தே ஆக வேண்டும், பென்டா போட வேண்டிய குழந்தைகள் ஒன்றும் தவறக் கூடாது. பென்டா என்பது ஐந்து நோய்க்கு ஒரே ஊசி. கக்குவானும் அதற்குள் அடக்கம்.

ஐஸுக்கு நசீர் காக்காவிடம் போனேன். இறங்குதுறையில் படகுகளுக்கு ஐஸ் கொடுப்பவர். கடலுக்கு ஒருவரும் போகாததால் அரைத்த ஐஸ் அவரிடம் கிடந்தது. மீன் வைக்கிற பெரிய ரெஜிபோம் பெட்டி ஒன்று நிறைய அள்ளி, உழவு மெஷினில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். பென்டாவும் போலியோச் சொட்டுமாக மருந்துப் போத்தல்களைப் பிளாஸ்டிக் டப்பாக்களுக்குள் அடுக்கி, பேப்பர் சுற்றி, ஐஸுக்கு நடுவில் வைத்தேன். கொஞ்சம் தண்ணீரும் விட்டேன். அரை மணித்தியாலத்தில் வெப்பமானி நான்கு காட்டியது. பாடப்புத்தகத்தில் படம் போடத்தக்க நான்கு. அந்த நேரத்தில் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் இன்றைக்கு உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திராது.

நான் போகவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு யோசித்தேன். பிள்ளைகள், பயந்த நேரத்தில் யோசிப்பது மாதிரி ஆபத்தான வேலை எங்கள் தொழிலில் வேறில்லை. நாளை மத்தியானம் வரை ஐஸ் நிற்குமா? அதைப் பலப்படுத்த ஒரு வழி இருக்குமே? சின்ன வயதில் எங்கள் மாமா ஒருவர் கல்யாண வீடுகளுக்கு வாளியில் ஐஸ்கிறீம் சுற்றிக் கொடுப்பார். வாளியைச் சுற்றி ஐஸ் போட்டு, அதன் மேல் உப்பைத் தூவுவார். உப்புப் போட்டால் கூடக் குளிரும் என்பது அவர் கதை. கூடக் குளிர்ந்தால் கூட நேரம் நிற்கும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

கிளினிக் குசினியில் நிலாவெளிக் கல்லுப்பு இருந்தது. அரிசி அளக்கிற சுண்டால் இரண்டு சுண்டு அளந்து, கருவாட்டுக்குத் தூவுகிற மாதிரி எல்லா இடமும் படத் தூவி, மூடியை இறுக்கி, அதன் மேல் ஒரு கல்லையும் தூக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

விடிந்து வந்து பார்த்தால் மைனஸ் ஆறு.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. எட்டுக்கு மேலே போய்விடும் என்ற பயம் ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது. கீழே போனது எனக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நூற்றியாறு எடுத்தது போல. சுதாகரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுதாகரன் எங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நல்ல பிள்ளை, எதையும் படம் எடுப்பார். வெப்பமானியைப் படம் எடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நான்காவதாக டொக்டரின் அழைப்பு வந்தது.

“அக்கா, படத்தில அந்த ஆறுக்கு முன்னால ஒரு கோடு தெரியுது. அது தூசிதானே?”

நான் வாயைத் திறப்பதற்குள் தொடர்பு அறுந்தது. புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் சிக்னல் அப்படித்தான், வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

தூசி இல்லை என்று எனக்குத் தெரியும். பெட்டியைத் திறந்து பென்டா போத்தல்களை எடுத்தேன். ஓரத்தில் இருந்த இரண்டும் கல். சாய்த்தால் அசையவில்லை. நடுவில் இருந்த நான்கும் கொஞ்சம் அசைந்தன. பெட்டியைப் பார்த்தால் அதில் பாதி ஐஸ் இல்லை, தண்ணீர். எது நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனோ அது கரைந்துவிட்டது. எது உறையக் கூடாதோ அது உறைந்துவிட்டது. இரண்டையும் ஒரே வேலையில் செய்வதற்கு ஒரு திறமை வேண்டும்.

இதைப் பிறகு ஆற அமர யோசித்து விளங்கிக்கொண்டேன், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐஸும் நல்ல தண்ணீரும் கலந்து கிடந்தால் அது பூச்சியத்திலேயே நிற்கும். ஒரு வாளி ஐஸ் போட்டாலும் ஒரு லொறி ஐஸ் போட்டாலும் பூச்சியம்தான். கரைவதும் உறைவதும் அந்த இடத்தில் சமன். உப்பு விழுந்தால் அந்தத் தண்ணீர் பூச்சியத்தில் உறைய மாட்டாது, அதற்கு இன்னும் கீழே போக வேண்டும். ஆகவே ஐஸ் கரைந்துகொண்டே போகும், திரும்ப உறையாது. கரைவதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைப் பக்கத்தில் இருப்பதிடம் பிடுங்கும். உப்பு ஒரு துளி குளிரையும் கொண்டுவருவதில்லை, ஐஸை அவசரப்படுத்துகிறது, அவ்வளவுதான். மாமாவின் வாளியில் பக்கத்தில் இருந்தது பால். என் பெட்டியில் பக்கத்தில் இருந்தது பென்டா.

சுதாகரன் போத்தல்களைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், மருந்து சூடுபட்டால் நிறம் மாறும். ஒன்றும் மாறவில்லை. மாறவும் மாட்டாது. அதற்குச் சூடு மட்டும்தான் தெரியும், உறைந்ததைப் பற்றி அது வாய் திறக்காது. கையில் வைத்திருக்க வைத்திருக்க, கல்லாக இருந்த இரண்டும் இளகின. பழையபடி பால் மாதிரி வெள்ளை. எது உறைந்தது, எது உறையவில்லை என்று கண்ணால் சொல்ல முடியாது.

“மிஸ்ஸி, ஸ்டிக்கர் நல்லா இருக்கு. நடுவில இருந்தது உறையேல்ல. வெளியில நாப்பது தாய்மார் நிக்கினம். கோடு தூசி எண்டு சொல்லுவம்.”

அவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் சொன்னதை நான் இரண்டு நிமிடத்துக்கு முன்பே மனதுக்குள் சொல்லிவிட்டேன். போட்டால் யாருக்கும் தெரியாது. குழந்தை அழும், அட்டையில் பதிவோம், தாய் நன்றி சொல்லிவிட்டுப் போவாள். உறைந்த மருந்தால் குழந்தைக்குப் பெரிய கெடுதி ஒன்றும் நடந்துவிடாது. பாதுகாப்புத்தான் கிடைக்காது, அல்லது அரைகுறையாகக் கிடைக்கும். அதுவும் என்றைக்காவது அந்தப் பிள்ளைக்கு இருமல் வந்தால்தான் தெரியும். அப்போதும் என் உப்பை யாரும் நினைக்கப் போவதில்லை. இவ்வளவு வசதியான பிழையை என் வாழ்க்கையில் நான் விட்டதே இல்லை. அந்த வசதிதான் என்னைப் பயமுறுத்தியது.

குலுக்கிப் பார்ப்போம் என்றேன். உறையாத மருந்தைக் குலுக்கி வைத்தால் நெடுநேரம் ஒரே வெள்ளையாக நிற்கும். உறைந்து இளகியது திப்பிதிப்பியாகி அடியில் இறங்கும். ஒப்பிட்டுப் பார்க்க உறையாத போத்தல் ஒன்று வேண்டும். செத்துக்கிடந்த பிரிட்ஜுக்குள் சுதாகரன் தலையை விட்டார். அடித்தட்டில், போலியோச் சொட்டு மருந்தின் வெறும் பெட்டிக்குப் பின்னால், நான் எடுக்க மறந்த ஒரு பென்டா போத்தல் அகப்பட்டது. அந்தக் கிழமை முழுதும் நான் செய்த ஒரே நல்ல வேலை மறதிதான்.

ஏழு போத்தலையும் குலுக்கி மேசையில் வரிசையாக வைத்தோம். வெளியே குழந்தைகள் கத்துகிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் கதிரையைப் போட்டுக்கொண்டு போத்தல்களைப் பார்த்தபடி இருக்கிறோம். சுதாகரன் ஒரு தடவை கதவைத் திறந்து கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லிவிட்டு வந்தார். கால் மணித்தியாலத்தில் முதல் இரண்டும் மேலே தெளிந்தன. பிறகு நடுவில் இருந்த நான்கும், ஒன்றன்பின் ஒன்றாக. அரை மணித்தியாலம் முடிந்தபோது ஆறு போத்தலில் அடியில் வெள்ளை மண்டி. மறந்துபோன ஒன்று மட்டும் பால் மாதிரி நின்றது. சுதாகரன் தூசியைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

டொக்டருக்குச் சொல்ல வேண்டும். சிக்னல் நிச்சயமாகப் பிடிப்பது முற்றத்துத் தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் மட்டும், அதுவும் நான்காவது படியில். ஐம்பத்தாறு வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். காற்று வேறு.

“டொக்டர், நான் ஐஸுக்கு உப்புப் போட்டனான்.”

“என்ன போட்டனீங்கள்?”

உப்பு என்றேன். கேட்கவில்லை என்றார். மூன்றாம் தடவை நான் கத்தியது இறங்குதுறை வரைக்கும் கேட்டிருக்கும். முற்றம் முழுவதும் என்னை அண்ணாந்து பார்த்தது. நான் துணிந்து நின்று தாய்மாருக்கு உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் விருப்பம்தான். என் நேர்மையில் பாதி சிக்னல் இல்லாததால் வந்தது.

டொக்டர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். இரண்டு கேள்வி கேட்டார்: அந்த ஏழாவது போத்தலின் ஸ்டிக்கர் எப்படி, குலுக்கியது எவ்வளவு நேரம். பதிலைக் கேட்டுவிட்டு, அதைப் போடலாம் என்றார். போலியோச் சொட்டு உறைந்தாலும் பழுதில்லை, அதை எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். பென்டா ஒரு போத்தலில் பத்துக் குழந்தைக்குத்தான் இருக்கும். முதல் ஊசிகூடப் போடாத இரண்டு மாதக் குழந்தைகளுக்கு அது. மற்றவர்கள் பிறகு.

முதல் ஊசிக்காரர் பத்துப் பேராக இருந்திருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். பன்னிரண்டு பேர்.

நான் ஏணியால் இறங்கி வருவதற்குள் முற்றத்தில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. மிஸ்ஸி ஊசி மருந்துக்குள் உப்புப் போட்டுவிட்டாவாம். தாய்மார் இருந்த நீள வாங்கின் அடுத்த நுனியில் அது தவறுதலாகச் சீனியாகவும் மாறிவிட்டது. இனி மறைத்துப் பிரயோசனமில்லை. கதிரையில் ஏறி நின்று சொன்னேன். உப்பு ஐஸில்தான் போட்டேன், மருந்தில் இல்லை. ஐஸ் நிற்கும் என்று நினைத்துப் போட்டேன், மருந்து உறைந்துவிட்டது. உறைந்த மருந்தைப் போட்டால் அட்டையில் பதிவு இருக்கும், பிள்ளையின் உடம்பில் ஒன்றும் இருக்காது. அதனால் போட மாட்டேன். பிழை என்னுடையது. திங்கட்கிழமை புது மருந்து வரும்.

சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மா, அப்ப நேற்று ஏன் போட்டனீங்கள் என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு பொறுமையாகப் போனார்கள். பன்னிரண்டில் பத்தைத் தெரிவு செய்ய வேண்டியது என் பாடு. இருமல்காரப் பிள்ளையோடு ஒரே மண்டபத்தில் தங்கியிருந்தவர்களையும், நிறை குறைந்த குழந்தைகளையும் முன்னுக்கு எடுத்தேன். வீடு தூரத்தில், மண்டபத்துப் பக்கமே போகாத இரண்டு பேரை நிற்பாட்டினேன். சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதை ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்வது வேறு.

இரண்டு பேரில் ஒருத்தி தர்சினி, சம்பூர்ப் பிள்ளை. இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். கீழ்ப்பாவாடை அப்போதும் நனைந்திருந்தது. திங்கட்கிழமை வாங்கோ என்றேன்.

“நான் இடம்பெயர்ந்து முகாமில வளந்தனான் மிஸ்ஸி. அடுத்த கிழமை வீட்டை போகலாம் எண்டு கிழமைக்குக் கிழமை வந்து சொல்லுவினம். திங்கட்கிழமை எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும்.”

துவாயால் குழந்தையை மூடிக்கொண்டு திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கினாள். சண்டை பிடித்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். எத்தனை சண்டை பார்த்திருக்கிறேன். இது வேறு மாதிரி.

பின்னேரம் நசீர் காக்காவிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். உள்ளே கிடந்த தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்.

“உப்புப் போட்டா ஐஸ் மிச்சம் பிடிக்குமெண்டு ஆரு மிஸ்ஸி சொன்ன? நாங்க மீனக் கல்லாக்கத்தான் உப்புப் போடுற. பிள்ளையளுக்கு ஊசி போடுற ஆக்கள், இது தெரியாதா?”

தெரியும் காக்கா, நேற்று மட்டும் தெரியவில்லை என்றேன். அவர் சிரித்து முடிய நேரம் எடுத்தது. சிரித்து முடித்துவிட்டு, பாதை திறக்காவிட்டால் திங்கட்கிழமை தன் படகில் குடாவுக்குக் குறுக்கே போய் மருந்தை ஏற்றி வரலாம் என்றார். பாதை திறக்கவில்லை. படகில்தான் வந்தது, திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிப் பக்கத்துக் களஞ்சியத்தில் ஒழுங்காகப் பொதி செய்து, ஒழுங்கான ஐஸ் பைகளோடு. நானும் படகில் கூடப் போயிருந்தேன், வழியெல்லாம் பெட்டியைத் திறந்து பார்க்க ஆசையாக இருந்தது. திறக்கவில்லை. நான்கைக் காட்டும் பெட்டிக்கு நாங்கள் செய்யக்கூடிய ஒரே உதவி அதைச் சும்மா விடுவது. என் முப்பத்தொரு வருடத்தில் உங்களுக்குத் தரக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான், இதுவும் இரண்டு சுண்டு உப்புச் செலவழித்துப் படித்தது.

வீணான மருந்துக்கு விளக்கம் எழுத வேண்டும். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் உப்பு என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து மேலிடத்தில் இருந்து ஒரு தம்பி அழைத்து, அது என்ன சொல்லின் சுருக்கம் என்று மிக மரியாதையாகக் கேட்டார். சுருக்கம் இல்லை, சோற்றுக்குப் போடுகிற உப்பு என்றேன். பிறகு ஓம் என்று சொல்லி வைத்துவிட்டார். சம்பள உயர்வு ஒன்று கொஞ்சம் பிந்தியது. மண்டபத்துப் பிள்ளையின் இருமல் கடைசியில் சாதாரண இருமலாகப் போனது.

திங்கட்கிழமை எல்லோரும் வந்தார்கள், தர்சினியைத் தவிர. பதிவுப் புத்தகத்தில் வரவில்லை என்று எழுதி மூடியிருக்கலாம், அதற்கென்று ஒரு கட்டமே இருக்கிறது. வீட்டுக்கு வந்து தாருங்கோ என்று அவள் கேட்கவும் இல்லை. டொக்டரிடம் அனுமதி கேட்டேன். செவ்வாய்க்கிழமை என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகும்படி சுதாகரனிடம் சொன்னார். வெள்ளம் வற்றிச் சேறாகக் கிடந்தது. இரண்டு தடவை இறங்கித் தள்ளினோம், அதில் ஒரு தடவை நான் மட்டும் தள்ளினேன், சுதாகரன் படம் எடுத்தார்.

தர்சினி முற்றத்தில் நனைந்த பாய்களைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டும் அடுத்த பாயை எடுத்து உதறினாள். திங்கட்கிழமை சொன்னபடி மருந்து வந்தது, உனக்குப் பாதை ஏலாமல் இருந்திருக்கும், அதனால் கொண்டுவந்தேன் என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள். பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.

திறந்தேன். குளிர்ப் பைகளின் மேல் பனித்திருந்த ஈரத்தில் ஒரு விரலை வைத்துத் தடவினாள். நான் தடுப்பதற்குள் அந்த விரலை நாக்கில் வைத்தாள். சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பரீட்சை எழுதியவர்கள் மாதிரி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவள் நாக்கை மேலண்ணத்தில் ஒரு தடவை தட்டிப் பார்த்தாள்.

“இல்லை,” என்றாள். “பிள்ளை உள்ள படுத்திருக்கிறான். வாங்கோ.”